நல்ல தண்ணி எங்கே கெடுகிறது?

(காட்சி: விடியற்காலை, மதுரையில் ஒரு சந்து. வாசலோரக் குழிக்குள் ஒரு குழாய். வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்.)

இந்தக் குழாயைப் பாருங்கள். தரைக்கு மேலே இல்லை, இரண்டடிக் குழிக்குள் இருக்கிறது. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்று தோண்டி இறக்கியிருக்கிறார்கள். குழிக்கு அப்புறம் வருவோம்.

(காட்சி: வைகை அணை.)

நம் குடிநீரில் ஒரு பெரிய பங்கு ஆண்டிபட்டிப் பக்கம், 1959-ல் திறந்த வைகை அணையிலிருந்து வருகிறது. அந்த அணைக்கே 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து சேர்கிறது. இடுக்கி மலையில் பெய்த மழைதான் பல நாள் நம் சொம்பில் இருக்கிறது.

வழியில் பண்ணைப்பட்டியில் சுத்திகரிப்பு. படிகாரம் போட்டால் கலங்கல் திரண்டு அடியில் படியும். பிறகு தண்ணீர் மணலில் வடியும். கடைசியில் கிருமியைக் கொல்லக் குளோரின். ஆற்றுக்குள் இறக்கிய கிணறுகளும் உண்டு, அங்கே ஆற்று மணலே வடிகட்டி. மணலை அள்ளினால் அதுவும் போச்சு.

(காட்சி: குழி, மிக அருகில். கலங்கிய தண்ணீர், ஒரு பால் கவர்.)

சரி, குழிக்கு வருவோம். தண்ணீர் வேகமாக வரும்வரை, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நேரம் முடிந்து நிறுத்தியதும் குழாய் காலி. இப்போது வெளியே கிடப்பது உள்ளே போகும்: இந்தக் குழித் தண்ணீர், பக்கத்துச் சாக்கடைக் கசிவு. யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். கேட்டால், "அவன் வச்சிருக்கான், நான் வச்சா மட்டும் தப்பா?" என்பார்கள்.

அதனால்தான் எங்கள் வீட்டில் முதல் குடம் வாசல் தெளிக்க.

போர்வெல் தண்ணீர் வேறு கதை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் ஃபுளோரைடும் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

(காட்சி: சோதனைக் குழாயில் சில சொட்டு மருந்து, தண்ணீர் மஞ்சளாகிறது.)

குளோரின் வாடைக்கு முகம் சுளிக்கிறோம். எனக்கு அது அறவே இல்லாத நாளில்தான் சந்தேகம். வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இருந்தால் இப்படி மஞ்சளாகும். சோதிக்க ஆள் வந்தால் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடித்துப் பார்க்க விடாதீர்கள். தெருக்கோடி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.