சூடு என்றால் நெருப்பு மட்டும்தானா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் திருகோணமலைக்கு வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பழைய அறுவடைச் சொற்கள் அகராதியில் இருந்தால் போதும், பேச்சில் தேவையில்லை" என்று எதிரணி சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை வைத்து அதை மறுக்கிறேன். சூடு.

நகரத்துப் பிள்ளையிடம் சூடு என்று சொல்லிப் பாருங்கள். வெயிலைச் சொல்லும், தேநீரைச் சொல்லும். போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு வெடிச்சத்தம்தான் நினைவுக்கு வரும். வயல்காரருக்கோ சூடு என்றால் அறுத்த நெற்கட்டுகளை அடுக்கி வைத்த குவியல். தாக்கத்தி என்ற அரிவாளால் வெட்டி, உப்பட்டியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாக வயலிலேயே போட்டு, காய்ந்ததும் கட்டாகக் கட்டிச் சுமந்து வந்து சூடு வைப்பார்கள். மழை வந்தாலும் உள்ளே இருக்கும் நெல் நனையாத மாதிரி அடுக்க வேண்டும். எல்லோருக்கும் வராத கை வேலை அது.

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, 'சூடு கோடாகப் பிறக்கி' என்கிறது. நெற்கட்டுகளை மலைபோல உயர்த்தி அடுக்கினார்களாம். காவிரி நாட்டைப் பாடிய அந்தச் சொல்லை, கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு நம் அப்புமார் எந்தப் புத்தகமும் பார்க்காமல் சொன்னார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எனக்கு இதைவிடப் பெருமை வேறில்லை.

சரி, "வெட்டு மெசின் வந்த பிறகு சூடே இல்லையே, சொல் எதற்கு?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மெசின் வயலிலேயே அறுத்து நெல்லையும் பிரித்துவிடுகிறது. ஆனால் கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்க மாடுகள் சுற்றியபோதும் சூடு மிதித்தல் என்றோம். உழவு இயந்திரம் சுற்றியபோதும் சூடு மிதித்தல் என்றோம். கதிரடிக்கும் மெசின் வந்தபோது சூடடித்தல் என்றோம். கருவி மாறியதால் அந்தச் சொல் சாகவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதால்தான் தேய்கிறது.

இன்னொன்று. சூடு வைத்தவன் மழை விடும்வரை பொறுத்திருந்தான், ஆள் கிடைக்கும்வரை பொறுத்திருந்தான். இன்று வெட்டு மெசின் ஈர நெல்லை அப்படியே கொட்டிவிட்டுப் போகிறது. தெருவில் காய வைக்க வேண்டும், அல்லது வியாபாரி சொன்ன விலைக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும். அறுத்த நெல்லை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழி ஒன்று நம்மிடம் இருந்தது என்பதே அந்தச் சொல்லோடு சேர்ந்து மறந்துபோகிறது. அப்புறம் அந்த வழியைப் புதிதாக ஒருவன் யோசிப்பது எப்படி?

நடுவர் அவர்களே, 'நெற்கட்டுக் குவியல்' என்று அகராதி எழுதிவிடும். தீர்ப்புக்கு முன் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள்: சூட்டில் கதிர் உள்பக்கம் வருமா, வெளிப்பக்கம் வருமா, ஏன் என்று. அவர் சொல்லும் பதில் எந்த அணிக்குச் சாதகம் என்று பார்த்துத் தீர்ப்பளியுங்கள். நன்றி, வணக்கம்.