அட்டையில் பெயரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் பல வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். "சார், இது கவர்மெண்ட் மாத்திரை மாதிரி இருக்கே, கேட்குமா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். விலை குறைந்தால் பவரும் குறையும் என்கிற எண்ணம் அம்மாப்பேட்டை தறிக்காரரிடமும் உண்டு, அஸ்தம்பட்டியில் பங்களா வைத்திருப்பவரிடமும் உண்டு.

ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்கு 20 ஆண்டு காப்புரிமை. அது முடிந்ததும் அதே மருந்தை அதே அளவில் மற்றவர்களும் தயாரிக்கலாம். அதுதான் ஜெனரிக். 'கம்பெனி மாத்திரை' என்று நாம் நம்பி வாங்குவதிலும் பெரும்பாலானவை இப்படிக் காப்புரிமை தீர்ந்தவைதான். விளம்பரமும் ஒரு பிராண்டு பெயரும் சேர்ந்ததும் விலை ஏறிவிடுகிறது.

தரம்? நியாயமான கேள்விதான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரம் குறைந்த பேட்ச்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பிராண்டு மருந்துகளும் வருவதுண்டு. ஆக, விலையை வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்லோடிபின் 5 மில்லிகிராம். மகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. சேலத்தில் டாக்டரிடம் காட்டி, மெடிக்கலில் நல்ல மாத்திரையாக வாங்கிக் கொடுக்கிறான். இலவச மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டையும் போடுகிறார். புது அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அம்லோடிபின் 5! கொஞ்ச நாளில் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. 'கவர்மெண்ட் மாத்திரை ஒத்துக்கல' என்று பழி போவது இலவச மாத்திரை மேல்.

அதனால் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மாத்திரையை அடையாளம் வைக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அட்டையில் இருக்கும். ஆங்கிலம் வராதென்றால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், இலவசமாக வந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருந்தின் பெயரிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். சீட்டில் ஒரு பிராண்டு இருக்க, கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஜெனரிக் மருந்தை மலிவாக விற்கும் மத்திய அரசின் மக்கள் மருந்தகமோ, 2025-ல் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகமோ, மருந்தின் பெயர் கையில் இருந்தால் கேட்டு வாங்குவது சுலபம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இவற்றில் அளவு கொஞ்சம் பிசகினாலும் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்ற வேண்டாம். மாற்றினால், ரத்தப் பரிசோதனை எப்போது என்று அப்போதே கேட்டு வையுங்கள்.