1987 ஜூலைக்கு முன்னும் பின்னும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதை அறிவீர்கள். அங்கே வளர்ந்தவர்கள் உங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருப்பார்கள். இந்தியக் குடியுரிமை இல்லாததால் வாக்குச்சாவடி வரிசையில் மட்டும் அவர்களைக் காண முடியாது. வழக்கறிஞராக இத்தனை காலம் ஆகியும் என் மனம் ஆறாத விஷயம் இது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கவில்லை. நம் தல்லாகுளத்தைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறதே உயர்நீதிமன்றக் கிளை, அங்கே வந்தார். அவருக்குப் பலம் பிறப்புச் சான்றிதழ். அதிலிருந்த தேதிதான் வழக்கின் உயிர். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் முடிய இந்தியாவில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். தாய் தந்தை எந்த நாட்டவர் என்று சட்டம் அங்கே கேட்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கேட்கவில்லை. 2022இல் பாஸ்போர்ட் வழங்கும்படி உத்தரவானது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் முதல் ஓட்டைப் போட்டார். தேர்தல்கள் எத்தனையோ கடந்துபோன பிறகு!

அதே முகாமில் 1987 ஜூலை முதல் தேதி பிறந்த குழந்தைக்கோ இந்த வழி அடைபட்டுவிட்டது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஓட்டு, தம்பிக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லோருக்கும்தான். ஆதார் இருக்கிறதே என்பார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே கூறுகிறது. பீகார் வாக்காளர் பட்டியல் வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அடையாளத்துக்கு மட்டுமே அதை ஏற்கச் சொன்னது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பட்டியலில் இருக்கும் பெயரை விசாரிக்காமல் நீக்கக் கூடாது. 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவு தவறு என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. நன்றி, வணக்கம்.