ரத்தமே இல்லாம உயிர் பிழைச்ச பன்றிகள்: ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை எதுக்கு, எதுக்கு இல்லை?

[திரையில்: பழைய எஃகு அறை, வட்டக் கண்ணாடி ஜன்னல்]

1960, ஆம்ஸ்டர்டாம். இட்டே போரெமாங்கிற அறுவை சிகிச்சை நிபுணர் பன்றிகளோட ரத்தத்தை எடுத்துட்டு, சிவப்பணுவே இல்லாத திரவத்தை ஏத்தினார். ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனாலும் பன்றிகள் சாகலை. ஏன்னா, அதுங்க சுத்த ஆக்சிஜனைச் சுவாசிச்சது 3 மடங்கு காற்றழுத்தம் உள்ள அறைக்குள்ள. பிறகு ரத்தத்தைத் திரும்ப ஏத்தினதும் தேறிடுச்சு.

எப்படி? நல்லா இருக்கிற நமக்கு ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கு. அதுக்கு மேல திணிக்க இடமில்லை. ஆனா கோலி சோடாவுல கேஸைக் கரைக்கிற மாதிரி, அழுத்தம் கொடுத்தா ஆக்சிஜன் ரத்தத்தோட திரவப் பகுதியான பிளாஸ்மாவுலயே கரையும். சாதாரணமா 100 மில்லி ரத்தத்துல கரைஞ்சிருக்கிறது வெறும் 0.3 மில்லி. அந்த அறைக்குள்ள சுமார் 6 மில்லி. சும்மா படுத்திருக்கிற உடம்புக்கு அதுவே போதும். இப்படி அழுத்தம் கூட்டின அறைக்குள்ள, அதாவது சேம்பருக்குள்ள, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறதுதான் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை.

[திரையில்: மூடிய அறை, ஓடும் ஜெனரேட்டர்]

இது கைகொடுக்கிற இடம், ஜெனரேட்டர் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு விஷம். ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் அப்பவும் 98னு காட்டி ஏமாத்தும்! அந்த விஷம் பாதியாக் குறைய, வெளிக்காத்துல 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்ல சுத்த ஆக்சிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. சேம்பர்ல சுமார் 23 நிமிஷம். அதுக்காக சேம்பரைத் தேடி நேரத்தை விட்றக்கூடாது; முதல்ல மாஸ்க்.

ஆழ்கடல்ல இருந்து சட்டுனு மேல வந்த டைவருக்கு ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டினா, முக்கிய சிகிச்சையே இதுதான்.

நம்ம வீடுகள்ல அதிகம் கேட்கிறது சர்க்கரை நோயாளியோட கால் புண். எலும்பு வரை போன புண், 30 நாள் முறையான சிகிச்சைக்கும் ஆறலைன்னாதான் இந்தப் பேச்சே. செத்த சதையை நீக்கணும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தணும், காலை ஊணக்கூடாது, அடைச்ச ரத்தக்குழாயைத் திறக்கணும். இதை எல்லாம் விட்டுட்டு சேம்பர்ல படுத்தா பணம்தான் கரையும். செஞ்ச பிறகும், ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கதிர்வீச்சால தாடை எலும்பு செத்துப்போன வாய்ப்புற்றுநோயாளிகளுக்கும் சில இடங்கள்ல கொடுக்கிறாங்க.

[திரையில்: பருத்தி அங்கி, காலி டிரே]

உள்ளே போகும்போது பருத்தித் துணி மட்டும். போன் கூடாது, தலைக்குத் தேங்காய் எண்ணெய்கூட கூடாது. ஆக்சிஜன் நிறைஞ்ச இடத்துல ஒரு பொறி போதும்; 1997ல மிலான்ல இப்படித் தீப்பிடிச்சு 11 பேர் இறந்தாங்க. காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கிட்டே இருங்க. பல வாரம் போனா தூரப்பார்வை கொஞ்சம் மங்கும். பெரும்பாலும் தானா சரியாகிடும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்காதீங்க. நுரையீரல்ல காத்துக்கசிவு இருந்து அதுக்குச் சிகிச்சை பார்க்காம இருந்தா, உள்ளே போகவே கூடாது.

இளமை திரும்பும், ஆட்டிசம் குணமாகும்னு விளம்பரம் வருதே? ஆட்டிசத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லைன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிச்சிருக்கு. அழகு நிலையத்துல இருக்கிற துணிப் பை சேம்பர்ல அழுத்தம் சுமார் 1.3 மடங்குதான். அதுல சாதாரணக் காத்தை அடைச்சா, கணக்குப்படி 27 சதவீத ஆக்சிஜனை வெளியில சுவாசிக்கிறதுக்குச் சமம். ஆஸ்பத்திரி வார்டுல மாட்டுற சாதா பிளாஸ்டிக் மாஸ்க் இதைவிட அதிகம் கொடுக்கும்.