பால் கொடுக்கும் தாய்க்குப் படர்தாமரை வந்தால்

வணக்கம் நேயர்களே.

கைக்குழந்தையோடு தோல் மருத்துவரிடம் வரும் பெண்கள் பலர் முதலில் வேறு எதையாவதுதான் சொல்வார்கள். முடி கொட்டுகிறது என்பார்கள், முகத்தில் மங்கு விழுந்திருக்கிறது என்பார்கள். எழுந்து போகும் நேரத்தில், கூட வந்த மாமியார் வெளியே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு, "டாக்டர், இடுப்புலயும் தொடையிடுக்குலயும் அரிப்பு தாங்க முடியல" என்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், பிரசவத்துக்கு முன்னாலிருந்தே என்று பதில் வரும். ஏன் மருந்து போடவில்லை? "பால்ல இறங்கிடும்னு சொன்னாங்க."

இந்தப் பயத்தை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். படர்தாமரை தோலில் வரும் பூஞ்சை நோய். அதற்குத் தோலின் மேல் தடவும் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் களிம்புகள் தோலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலிருந்து பாலில் சேர்வது அதைவிடச் சொற்பம். தடவுகிற டெர்பினஃபைனும் மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். அவ்வளவு ஏன், குழந்தையின் வாயில் பூஞ்சைப் புண் வந்தால் அந்த வாயிலேயே க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து தடவச் சொல்கிறோம். அம்மாவின் இடுப்பில் அதே மருந்தைத் தடவுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. பால் கொடுப்பதை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் உடம்பு வழக்கத்தைவிட அதிகம் வியர்க்கும். நிதானமாகக் குளித்துத் துவட்ட நேரம் கிடைக்காது. வயிறு உள்ளே போகட்டும் என்று சேலைத் துணியை இறுக்கிக் கட்டிவிடுகிற வீடுகளில் கேட்கவே வேண்டாம். பாவாடை நாடாவின் முடிச்சு அழுந்தும் இடத்தில் சின்னத் தடிப்பாகத் தொடங்கும். அப்புறம் நாடாவின் தடத்திலேயே பட்டையாக ஓடும். ஓரம் சிவந்து மேடாகி, பொடிப்பொடியாகச் செதில் விடும். நடுவில் மட்டும் ஆறிவிட்டது போலத் தெரியும். குழந்தையை அதே இடுப்பில்தானே வைக்கிறோம்? அதன் தொடை உரசுவது சரியாக அந்தப் பட்டையின் மேல்தான். பத்து நாள் கழித்துக் குழந்தையின் தொடையிலும் ஒரு வளையம். மருந்து போய்விடுமோ என்று பயந்து நோயைக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, எப்படித் தடவுவது? குளித்து, அந்த இடத்தை ஒற்றி ஈரம் போக உலர்த்தியபின் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் வருகிற அளவு, இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். சிவந்த இடத்தில் மட்டும் போடாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். அரிப்பு ஒரு வாரத்துக்குள் குறைந்துவிடும். பெரும்பாலோர் அன்றோடு ட்யூபை அலமாரியில் வைத்துவிடுவார்கள். தடிப்பு முழுக்க மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவியாக வேண்டும். முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிய நோய் இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களிடம் மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சையைக் கண்டு, 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்த நிலைமைக்கு ஒரு முக்கியக் காரணம் மெடிக்கல் ஷாப்பில் "படைக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். ஸ்டீராய்டு செய்கிற வேலை சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது மட்டும். போட்ட இரண்டாம் நாளே சுகம் தெரியும். அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் முன்பைவிட அகலமாக வரும். மாதக்கணக்கில் போட்டால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கீறல் விழும். அதைப் பிரசவ வரி என்று நினைத்துக்கொண்டு இன்னும் போடுகிற பெண்களும் உண்டு. அந்த வரிகள் மறையாது. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆக்கியது. கடையில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. ஆகவே ட்யூபின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோலும் க்ளோபெட்டசாலும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், கடைப்பையனுக்கும் சேர்த்து. முதலாவது நமக்கு வேண்டியது, இரண்டாவது வேண்டாதது.

மார்புப் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். மார்பின் கீழ் மடிப்பில் வியர்வை தங்கிச் சிவந்து எரிவது பெரும்பாலும் கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை. அதற்கும் இதே க்ளோட்ரிமசோல் கேட்கும். ஆனால் வாசலீன் போலப் பிசுபிசுக்கும் ஆயின்ட்மென்ட் வேண்டாம், க்ரீமாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தை நக்கினால் அந்த எண்ணெய்ப் பசை வயிற்றுக்குள் போகும். காம்பில் போடச் சொல்லியிருந்தால், பால் கொடுத்து முடித்த கையோடு மெல்லிசாகத் தடவுங்கள். அடுத்த வேளை கொடுக்குமுன் மிச்சம் தெரிந்தால் ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். சோப்பு வேண்டாம். அந்தக் காலத்து ஊதா மருந்தும் (ஜென்ஷன் வயலட்) வேண்டாம், குழந்தையின் வாய் புண்ணாகும். காம்பு வலியெல்லாம் பூஞ்சையும் அல்ல. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் வருகிற வெடிப்புதான் அதிகம். அதற்குக் களிம்பு போட்டுப் பயனில்லை, பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். குழந்தையின் நாக்கில் வெள்ளையாக இருந்தால் துடைத்துப் பாருங்கள். பால் படிவு என்றால் வந்துவிடும். வராமல் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டியிருந்தால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும். இதில் மைக்கோனசோல் ஜெல்லை நாலு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். கெட்டியான ஜெல் தொண்டையை அடைத்துவிடும்.

மாத்திரை விஷயம் வேறு. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை பாலில் வரும். ஆனால் வருகிற அளவு, தேவைப்பட்டால் பச்சிளம் குழந்தைக்கே நேரடியாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு என்பதால் அதை ஏற்கிறோம். ஆனால் நம் ஊர்ப் படர்தாமரைக்கு அது முன்போலக் கேட்பதில்லை. டெர்பினஃபைன், இட்ராகோனசோல், கிரிசியோஃபுல்வின் மாத்திரைகளைப் பால் கொடுக்கும் காலத்தில் கூடியவரை தவிர்க்கிறோம். படர்தாமரை உயிருக்கு ஆபத்தானது அல்ல. களிம்பிலேயே பொறுமையாக ஓட்டிவிட்டு, மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரும்பாலும் என் முடிவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிப் போட மட்டும் வேண்டாம். அரிப்புக்கு செட்ரிசின் அல்லது லோரட்டடின் போதும். தூக்கம் வரவைக்கும் பழைய அரிப்பு மாத்திரைகள் குழந்தையையும் தூங்க வைத்துவிடும், பாலையும் குறைக்கலாம்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். படைக்குப் பெயர் போன இலைதான். ஆனால் குழந்தை உரசும் இடத்தில், எவ்வளவு பட்டால் எரியும் என்று தெரியாத ஒன்றை நான் போடச் சொல்ல மாட்டேன். பூண்டை அரைத்துக் கட்டிக்கொண்டு கொப்புளத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணவருக்கு அரிப்பு இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் தயங்கிச் சிரிப்பார்கள். அவருக்கும் சேர்த்து மருந்து போடாவிட்டால் ஒரே துண்டு, ஒரே போர்வை வழியாகத் திரும்ப வரும். உள்பாவாடையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி வெயிலில் காய வையுங்கள். மழைக்காலத்தில் நாடா மடிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள், ஈரம் தங்குவது அங்கேதான். நாடாவையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் பரவினாலோ, மார்பு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, குழந்தையின் தோலில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்கு எத்தனை மாதம், குறைமாதத்தில் பிறந்ததா, தாய்ப்பால் மட்டுமா என்பதையெல்லாம் அவர் சீட்டு எழுதுமுன் சொல்லிவிடுங்கள். இதுவரை போட்ட ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தீர்ந்து சுருண்டு கிடப்பதாக இருந்தாலும் சரி. நன்றி, வணக்கம்.