தொட்டால் விழிக்கும் தட்டணு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை இறங்கி, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மொட்டை மாடித் தொட்டிகளில் கொசு பெருகிவிட்டால், வேலூரில் ஓர் எண் வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கும். "நேற்று எண்பதாயிரம், இன்று அறுபதாயிரம்" என்பார்கள். எதன் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. இரத்தத்திலுள்ள தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின் கணக்கு அது. இந்த ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரத்தக் குழாய்களோடு வாழ்ந்தவன் நான். அந்த எண் தாளில் ஏறுவதற்கு முன் தட்டணு என்னென்ன படுகிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எலும்பு மஜ்ஜையில் மிகப் பெரிய செல்கள் சில இருக்கின்றன. அவற்றின் விளிம்பு நீண்டு, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயிரக்கணக்கான தட்டணுக்களாக இரத்தத்தில் கலக்கிறது. சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான் என்றால் தட்டணுவுக்கு இரண்டு, மூன்றுதான். உட்கரு கிடையாது. ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். கடுகளவுகூட இல்லாத ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும்.

அதன் வேலையை நம் வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நாம் ஏரிகளை நம்பி வாழ்ந்தவர்கள். கரையில் கசிவு கண்டால் முதலில் பார்த்தவன் என்ன செய்வான்? உடைப்பில் இறங்கி நின்றுகொண்டு ஊரைக் கூவி அழைப்பான். ஓடி வந்தவர்கள் கைகோத்து நிற்பார்கள். பிறகு தழையும் வைக்கோலும் மண்ணும் வந்து சேரும். இரத்தக் குழாய் கிழிந்ததும் நடப்பது இதுதான். கிழிசலில் வெளிப்படும் கொலாஜன் என்ற நாரைத் தட்டணு பற்றுகிறது. ஓட்டம் வேகமாக இருந்தால் அதை இழுத்து நிறுத்தும் கயிறாக வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் உதவுகிறது. தட்டையாக இருந்த அணு கை கால் முளைத்ததுபோல் வடிவம் மாறி, தன்னுள் வைத்திருந்த ஏடிபி (ADP) என்ற வேதிப்பொருள் முதலானவற்றைக் கொட்டுகிறது. அதுதான் கூவல். வந்து சேரும் தட்டணுக்களை ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைக்கிறது. அதன் மேல் ஃபைப்ரின் வலை படர்ந்து அடைப்பு இறுகுகிறது. 1882-இல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிஸ்ஸோசெரோ, உயிருள்ள கினிப் பன்றியின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் தட்டணுக்கள் இப்படி ஒட்டித் திரள்வதை நுண்ணோக்கி வழியே கண்டு எழுதினார்.

இங்கேதான் எங்கள் தொழிலின் சிக்கல் தொடங்குகிறது. அந்நியப் பொருள் பட்டதும் விழித்துக்கொள்வது தட்டணுவின் இயல்பு. கிழிந்த குழாய் எது, எங்கள் ஊசி எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கையில் கட்டிய பட்டையை நெடுநேரம் அவிழ்க்காமல் விட்டால், நரம்பு கிடைக்காமல் ஊசியைத் துழாவினால், குழாயைக் கலக்குகிறேன் என்று குலுக்கினால், அது கூடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒட்டித் திரண்டவற்றை எண்ணும் கருவி தட்டணு என்று அறிவதில்லை. எண் சரிகிறது.

ஒருமுறை எங்களிடம் ஒரு பெரியவர் வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த பரிசோதனையில் இருபத்திரண்டாயிரம் என்று வந்திருந்தது. மகன்கள் தட்டணு கொடுப்பவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அவருக்கோ ஈறில் கசிவில்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. ஊதா மூடிக் குழாயில் வந்த இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்ணோக்கியில் வைத்தால், பூச்சின் ஓரமெங்கும் தட்டணுக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அந்தக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அதனாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தோம். இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. அந்த மகன்களின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அறிகுறியோடு பொருந்தாத எண் வந்தால் பூச்சைப் பார்க்காமல் தாளில் கையெழுத்துப் போடுவது பெரும் தவறு என்று என்னிடம் பயின்ற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

டெங்குவிலும் எண் மட்டுமே நோயல்ல. இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிந்து வெளியேறுவதுதான் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் தணிந்த பிறகு வயிற்று வலியோ, நிற்காத வாந்தியோ, சோர்வோ, இரத்தக் கசிவோ கண்டால், எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி குளிரைப் பற்றி. ஆரணியில் பட்டுத்தறி வைத்திருந்த ஒருவரின் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூக்கில் இரத்தம் கொட்டும். எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் தட்டணு இரண்டரை லட்சம். "எண்ணிக்கை சரியாக இருக்கிறது, குறையொன்றுமில்லை" என்றே எல்லா இடத்திலும் சொல்லி அனுப்பினார்கள். தட்டணு வேலை செய்கிறதா என்று பார்க்க இரத்தம் கேட்டபோது, பிள்ளையைப் பஸ்ஸில் அலைக்க வேண்டாமென்று, ஊரிலேயே எடுத்து, தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார் அந்தத் தந்தை. அவ்வளவு அக்கறையும் வீணாயிற்று. குளிர் பட்டால் தட்டையான தட்டணு உருண்டுவிடும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனைக்கு இரத்தம் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும், குலுங்கக் கூடாது, எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மகளையே அழைத்து வரச் சொன்னோம்.

பெரிய துளை ஊசியில், பட்டையை உடனே தளர்த்தி, இரத்தம் தானாக வழிந்து நிரம்பும்படி எடுத்தோம். மையவிலக்கியை மெதுவாகச் சுழல விட்டால் சிவப்பணு அடியில் தங்கும். மேலே தட்டணு மிதக்கும் பிளாஸ்மா என்ற இரத்த நீர்மம் கலங்கலாக நிற்கும். அதில் ஏடிபியோ கொலாஜனோ ஒரு துளி விட்டால் தட்டணுக்கள் திரண்டு, கலங்கல் தெளிந்து, ஒளி கூடுதலாக ஊடுருவும். அந்த ஒளியை அளக்கும் முறையை 1962-இல் கஸ்டவ் பார்ன் வகுத்துத் தந்தார். அந்தப் பெண்ணின் பிளாஸ்மா தெளியவே இல்லை. ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும் கை அவளுடைய தட்டணுக்களுக்குப் பிறவியிலேயே இல்லை. 1918-இல் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்த நோய் இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். பெற்றோர் தாய்மாமனும் அக்காள் மகளும். நம் பக்கத்தில் வழக்கமான உறவுதான்; அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அப்படி மணந்த குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இரத்தம் நிற்கவில்லையென்றால், எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் வயதுக்கு வந்தபோது உதிரப்போக்கு நிற்கவில்லை. மருந்து போதாமல் தட்டணு ஏற்ற வேண்டியிருந்தது. இரத்த வங்கியில் சிவப்பணு குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். தட்டணு இருபதிலிருந்து இருபத்து நான்கு டிகிரி வெப்பத்தில், ஐந்து நாள்தான். அதுவும் தொட்டில்போல் இடைவிடாமல் ஆடும் தட்டில் கிடக்க வேண்டும். ஆட்டம் நின்றால் பைக்குள் காற்றோட்டம் குறைந்து, அமிலம் சேர்ந்து, அணு மடியத் தொடங்கும். அக்கினி நட்சத்திரத்து வேலூரில் மின்சாரம் போனால் எங்கள் நெஞ்சும் சேர்ந்து நிற்கும்.

பையைக் கொடுப்பதற்கு முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பிப் பார்ப்போம். தட்டணு தட்டையாக, நலமாக இருந்தால் உள்ளே ஒரு மினுமினுப்பு புரண்டு ஓடும். உருண்டுபோனதில் அது இராது. அன்றைக்கு அந்தத் தந்தையையும் பக்கத்தில் அழைத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். "பாவில் வெளிச்சம் விழுந்தால் இப்படித்தான் ஐயா ஓடும்" என்றார். பையை அவர் கையில் தொடவிடவில்லை; நானே வார்டுக்கு எடுத்துச் சென்றேன், குலுக்காமல்.

வணக்கம்.