மோட்டார்ஹோமில் சோலார்: கூரைக்குக் கீழே இருக்கிறது வேலை

[திரையில்: வெள்ளை ஃபியட் டுகாட்டோ வேன். கேமரா பக்கவாட்டு ஏணி வழியாகக் கூரைக்கு ஏறுகிறது.]

வணக்கம். ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்கள், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள், பலவும் இந்த டுகாட்டோ வேனின் மேல் கட்டப்பட்டவைதான். சோலார் என்றதும் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். காசையும் அங்கேயே கொட்டுகிறார்கள். நாம் கீழேயிருந்து தொடங்குவோம்.

முதலில் மின்செலவுக் கணக்கு. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 500 வாட்-மணி மின்சாரம் இழுக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி, செல்போன் எல்லாம் சேர்த்து இன்னொரு 200 வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி இருக்கும். ஒருநாள் முழுக்க வானம் மூடிக்கிடந்தாலும் சமாளிக்கலாம்.

200 வாட் பேனல் நல்ல கோடை நாளில் இந்த 700-ஐ ஈடுகட்டிவிடும். ஆனால் டிசம்பரில், தெற்கு ஜெர்மனியில் நிறுத்தினால், அதே பேனல் ஐந்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. குளிர்காலத்தில் சுற்றுபவர்களுக்கு, வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை நிரப்பும் டி.சி.–டி.சி. சார்ஜரும் வேண்டும். இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், அதை வண்டிக்குள்ளேயே வையுங்கள்.

[திரையில்: இரண்டு கன்ட்ரோலர்கள் அருகருகே.]

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர். அதில் இரண்டு வகை பார்ப்போம். நம் பேனல் 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் தரும். விலை மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 18-ஐ பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும். ஆம்பியர் மட்டும் அதே 11. மிஞ்சுவது 143 வாட். எம்.பி.பி.டி. கன்ட்ரோலரோ கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றி, 15 ஆம்பியர் வரை பேட்டரிக்கு அனுப்பும்.

[திரையில்: ஒயரின் வெட்டுமுகம், மிக நெருக்கத்தில்.]

இனி ஒயர். பலரும் கஞ்சத்தனம் காட்டுவது இங்கேதான். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே 4 மீட்டர் என்றால், போக வர 8 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 230 வோல்ட் வீட்டில் அது தூசு. இங்கே ஆறு சதவீதத்துக்கு மேல். அதைவிட மோசம், கன்ட்ரோலர் ஏமாந்துபோவது: தன் முனையில் வோல்ட் உயர்ந்து தெரிவதால், பேட்டரி நிரம்பிவிட்டதாக எண்ணி முன்கூட்டியே சார்ஜைக் குறைக்கும். எனவே கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள். நீளமான தூரத்தை பேனல் பக்கம் தள்ளுங்கள். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இது ஒயருக்கான காவல். ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும்; ஒயர் சிவந்து, பக்கத்துப் பலகை தீப்பிடிக்கும்.

கூரை வேலை எளிது. பேனலுக்கு அடியில் காற்றோட இரண்டு மூன்று சென்டிமீட்டர் விடுங்கள். சூடேறினால் உற்பத்தி குறையும். கூரை ஜன்னலின் நிழல் விழாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

இணைக்கும் வரிசை முக்கியம். பேனலைப் போர்வையால் மூடிவிட்டு, முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணையுங்கள். கன்ட்ரோலரின் திரையில் 13.2 வோல்ட் போல ஓர் எண் தோன்றும். அதன் பிறகுதான் பேனல்.

இன்வெர்ட்டர் வைத்து இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாமா? 1,000 வாட் அடுப்பு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 90 ஆம்பியர் வரை உறிஞ்சும். ஒற்றை பேட்டரிக்கு அது வீண் வதை. கேஸ் அடுப்பே இருக்கட்டும்.